ஆர்கனுக்கு முந்தைய வருஷங்கள்

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை மாலை, மணி நாலே கால். தாம்பரத்தில் எங்கள் பாப்டிஸ்ட் சபை இசைக்குழுவின் ஆண்டுவிழா. நான் எழுதிய குழு வரலாற்றை என் மகள் மேடையில் வாசித்தாள். "ஆர்கன் வாங்கிய நாளில் குழு பிறந்தது" என்ற வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அதுக்கு முன்னாடி டோலக் வாசிச்சு எனக்குத் தாளம் சொல்லிக்குடுத்த மாமா பேரு எங்கப்பா?"

அவர் பம்மல் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி. வரலாற்றை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, "அந்தாளு பேரு எதுக்கு சார்? புக்கே நாறும்" என்று சபை நிர்வாகியான டீக்கன் சிரித்ததும், நானும் கூடவே சிரித்து அவர் வாசித்த வருஷங்களை அதிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்துப் பாட வேண்டிய மகள், பாட மறுத்து மேடையைவிட்டு இறங்கினாள். அப்போது அவரே டோலக்கோடு ஓடி வந்தார்.

"ஷிப்ட்டு இப்பத்தான் வுட்டாங்க சார். பாப்பா இன்னும் பாடலியே?"