பச்சைப் பெட்டிக்குள் டிலானி

மாலு பணிஸ் என்கிற மீன் பன்னின் வாசம் படியேறி வந்தால் மணி பத்து... நுகேகொடையில் ஒரு பேக்கரிக்கு மேலேதான் எங்கள் ஒபிஸ். நானும் டிலானியும் நாள் முழுக்க கார் பார்க் கேமரா வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்போம். சத்தமில்லாத வீடியோ. ஆட்கள், கார்கள், ஒரு செம்மண் நிற நாய்... எல்லாம் தண்ணீருக்குள் போவதுபோல் மெதுவாக வந்து போகும்.

அசைவது ஆளா வாகனமா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. உயரம், அகலம், வேகம், நிறம், வெளிச்சம் என்று முப்பது அளவுகள் எடுப்போம். எங்கள் கிழட்டு மெஷின் அத்தனையையும் தாங்காது. உதவுகிற நாலைந்தை மட்டும் பொறுக்க வேண்டும்.

யுத்த காலம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் வாடகை அறை. வேலை நிரந்தரமானால்தான் கம்பனி கடிதம் தரும். அது இல்லாவிட்டால், ஏன் கொழும்பில் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்கும்போது காட்ட ஒன்றுமில்லை. அந்தக் கடிதத்தை நினைத்தே தூங்கி எழும்பினேன்.

எந்த அளவு ஆளையும் வாகனத்தையும் நன்றாகப் பிரிக்கிறது என்று ஓட்டிப் பார்த்தோம். முதலிடம் வெளிச்சத்துக்கு! ஒரு பிழைகூட இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டெமோ அன்று பின்னேரம் இருட்டிக்கொண்டு மழை. மனேஜர் குடையோடு கார் பார்க்கில் நடந்தார். திரையில் அவரைச் சுற்றிச் சிவப்புப் பெட்டி... ‘வாகனம்’.

“சேர் என்ன, லொறியா?” என்று டிலானி முணுமுணுத்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

பிறகுதான் விளங்கியது. செக் பொயின்ட்களைத் தாண்டி இருட்ட முன் அறைக்குப் போக வேண்டும் என்று நான் நாலு மணிக்கே கிளம்பிவிடுவேன். அதனால் ஆட்களின் வீடியோவை மத்தியான வெயிலில் சேர்த்தேன். வாகனங்களை டிலானி பொழுதுபட்ட பிறகு சேர்த்தாள். வெளிச்சம் என்றால் ஆள், மங்கல் என்றால் வாகனம் என்று மெஷின் படித்துவிட்டது. பாவம், அது படித்தது என் பயத்தை.

மனேஜர் ஒரு கிழமை அவகாசம் தந்தார், ஏழு நாள். மங்கலில் நடக்கிற ஆட்கள் வேண்டும்.

“இண்டைக்கு நான் நிக்கிறன்” என்றேன்.

“பிஸ்ஸுத, பைத்தியமா உனக்கு? நீ போ நங்கி. நான் நடக்கிறது” என்றாள், தன் சிங்களத்தோடு தெரிந்த தமிழையும் கலந்து. நங்கி என்றால் தங்கச்சி.

அந்தக் கிழமை முழுக்க மழை. தினமும் நான் பஸ் ஏறிய பிறகு அவள் அங்கே தனியாக நடந்தாள்... முன்னும் பின்னும். வெளிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, நடக்கும்போது கால் விரிந்து சுருங்குகிற அளவை வைத்துக்கொண்டோம். கடிதம் கிடைத்தது.

இப்போது செக் பொயின்ட் இல்லை. கடிதம் எந்த ஃபைலில் கிடக்கிறதோ. எந்த அளவு வேண்டும் என்று மெஷினே தேடிக்கொள்கிறது, யாரும் நனைய வேண்டாம். டிலானி மெல்பனில்.

பழைய சீடியில் ஒரு வீடியோ மட்டும் மிச்சம். மழைக்குள் ஒருத்தி நடக்கிறாள், சுற்றிப் பச்சைப் பெட்டி, மேலே ‘ஆள்’. ஒரு நன்றிகூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை எனக்கு. மூலையில் நேரம் ஆறேமுக்கால் என்று இருக்கிறது. அந்த நேரம் நான் அறைக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்திருப்பேன்.