அண்ணியின் ஸ்டெப்னி

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்! என் அண்ணியைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

அண்ணி சின்ன சரக்கு வேன் ஓட்டுகிறார். வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, பூனைக்கூண்டு வரை ஏற்றி இறக்குவார். காலையில் சாவியைத் தொடும் முன் பஞ்சரானால் மாற்றிப் போட வைத்திருக்கும் ஸ்டெப்னி டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். அதில் காற்று குறைந்திருந்தால் வண்டி நகராது.

வங்கியிலும் ஒரு ஸ்டெப்னி வைத்திருந்தார், ஆறு மாதச் செலவுக்கான பணம். கூடவே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் அண்ணன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் புலம்புவார்.

"பணம் சும்மா தூங்குது. ஷேர்ல போட்டா வளரும்ல?"

"தூங்கட்டும். வேலை வந்தா நானே எழுப்புறேன்."

சொந்தக்காரர்கள் அவருக்குக் கஞ்சப்பிசினாறி என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

வேலை வந்தது. கடையில் ஏணி சறுக்கி அண்ணன் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், நாலு மாதம் படுக்கை. சம்பளம் கிடையாது. ஆஸ்பத்திரியில் முன்பணப் பேச்சு எழுந்ததுமே சொந்தங்களுக்கு ஒவ்வொருவராக அவசர வேலை ஞாபகம் வந்தது. "வேனை வித்துட வேண்டியதுதான்" என்று சித்தப்பா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேனை விற்றால் அந்த வீடு எதை வைத்துச் சாப்பிடும்? கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அண்ணி கையில் திணித்தேன்.

"அடகு வைங்க அண்ணி."

அவர் அதை என் கழுத்திலேயே போட்டுக் கொக்கியை மாட்டினார். "வெறுங்கழுத்து உனக்கு நல்லாவே இல்ல."

பிறகு கவுண்டரில் காப்பீட்டு அட்டையை நீட்டினார். அது தராத மிச்சத்தை ஸ்டெப்னியிலிருந்து கட்டினார். அண்ணன் சம்பளம் இல்லாமல் நாலு மாத வீட்டுச் செலவில் விழுந்த துண்டும் அதிலிருந்துதான். வேனை விற்கும் பேச்சுக்கே இடமில்லை. பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் திரும்ப வேலைக்குப் போனதும், "இனிமேலாவது ஷேர்ல..." என்று இழுத்தார்.

"பஞ்சரான டயரை முதல்ல ஒட்டணும்ங்க."

வங்கி ஸ்டெப்னி போன மாதம்தான் பழையபடி நிரம்பியது. மறுநாளே அண்ணி அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மாதாமாதம் முதலீடு போட ஆரம்பித்துவிட்டார். நான் விடுவேனா? தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணி, என் பேர்லயும் ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுங்க!"

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் ஸ்டெப்னி எங்கடி?"

என்னிடம் இருந்த ஒரே ஸ்டெப்னியான கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டேன்.