பூண்டு உரித்த நாளில் கேட்ட புத்தகம்

நான் கேட்ட புத்தகங்களைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? வெங்காயம் உரிக்கிறவளிடம் வெங்காயத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு நியாயம் இருக்கிறது. புத்தகத்தைப் பற்றிக் கேட்கிறாயே, உனக்கு வேறு சோலி இல்லையா?

ஆயிஷாவிடம் இப்படித்தான் சண்டை பிடித்தேன். "ஏத்தா, நீ காலேசு படிச்ச புள்ள. நான் ரெண்டாப்புலயே சுவரேறிக் குதிச்சு ஓடியாந்தவ. எங்கிட்டப் போயி கருத்துக் கேக்குறியே."

"நீங்க சொல்லுங்க பெரியம்மா, நான் எழுதிக்கிறேன். நம்ம ஷெட்டுக்குப் புதுசா வர்ற பொம்பளைங்க படிக்கட்டும்."

"இப்ப உன்னைய ஏசுனேனே, அதையும் எழுதுவியா?"

"அதத்தான் மொதல்ல எழுதுவேன்."

ஆகவே சொல்கிறேன். நான் பேச்சில் சொன்னதை அவள் எழுத்துத் தமிழாக ஆக்கியிருக்கிறாள். நன்றாக இருந்தால் அது என்னுடையது. தப்பு இருந்தால் அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டும் போனும்

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் ஷெட் இருக்கிறது. பிரியாணிக் கடைகளுக்கும் கல்யாணச் சமையலுக்கும் வேண்டிய சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. முதலாளியை நாங்கள் பாய் என்போம். அவருடைய மருமகள்தான் ஆயிஷா.

சாக்கை விரித்து வட்டமாக உட்காருவோம். பெண்கள் மட்டும்தான். முன்பெல்லாம் எஃப்எம் பாடும். ஆயிஷா கல்யாணமாகி வந்த பிறகு, ஒருநாள் போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள். போனே புத்தகம் படிக்கும் என்றாள்.

"வெங்காயம் அழ வைக்கிறது பத்தாதாத்தா? இன்னொருத்தனையும் வேலைக்கு வெக்கிறியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

முதலில் வந்தது ஒரு காதல் கதை. படித்தவர் ஆண். நாயகி பேசுகிற இடம் வரும்போதெல்லாம் தொண்டையை இறுக்கிப் பேசினார். அவளுக்கு ஜலதோஷம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். நாயகன் ஜன்னல் ஓரத்தில் நின்றான், மழையைப் பார்த்தான், பழசை நினைத்தான். என் எதிரில் உட்காருகிற, எங்கள் ஊர்க்காரி பாண்டியம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தே, இவன் எப்பத்தான் சாப்புடுவான்?"

"அடுத்த பாகத்துல இருக்கும்டி."

புத்தகமே முடிந்தது. அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்த வீட்டில் யாரும் அடுப்புப் பற்ற வைக்கவும் இல்லை. என் கருத்து இதுதான்: எழுதியவருக்கு யாரோ வேளாவேளைக்குத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, ரிட்டயர்டு ஆன ஒரு பெரிய ஆபீசர் தன் வாழ்க்கையைச் சொன்னது. எந்த ஊருக்கு மாற்றினார்கள், எந்த மேலதிகாரி கை குலுக்கினார், எல்லாம் ஒன்று விடாமல் இருந்தது. அவர் மனைவி ஒரே ஓர் இடத்தில் வந்தார். சாமான்களோடு லாரியில் பின்னால் வந்து சேர்ந்தாராம்.

"அந்தம்மா லாரிய விட்டு எறங்குனாங்களா இல்லையான்னே சொல்லலையே" என்றாள் பாண்டியம்மாள். அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்டோம். இறங்கியதாகத் தெரியவில்லை.

கட்டினது, பட்டது

ஆயிஷா எங்களுக்கு நாவல் என்றும் தன்வரலாறு என்றும் பிரித்துச் சொன்னாள். எங்கள் வாயில் அது நிற்கவில்லை. நாங்கள் கட்டினது, பட்டது என்று வைத்துக்கொண்டோம். கற்பனையில் கட்டினால் கட்டினது. ஒருவர் உடம்பால் பட்டதைச் சொன்னால் பட்டது. புதிதாக ஒன்று ஆரம்பித்ததும் யாராவது கேட்பார்கள்: "ஏத்தா, இது கட்டுனதா பட்டதா?"

கட்டினதைக் கேட்கும்போது எங்கள் வாய் சும்மா இருக்காது. போகாதடி, அவன நம்பாதடி என்று புத்தி சொல்லிக்கொண்டே உரிப்போம். பட்டது ஓடும்போது ஷெட்டில் கத்திச் சத்தம் மட்டும்தான் கேட்கும். சொல்கிறவள் பட்டு முடித்துவிட்டாள். இனி யாருக்குப் போய்ப் புத்தி சொல்வது?

ஷெட்டில் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். வெங்காயம் வந்தால் சோகப் புத்தகம், பூண்டு வந்தால் சிரிப்புப் புத்தகம். காரணம் இருக்கிறது. வெங்காயத்துக்கு எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரும். யார் கதைக்கு அழுகிறாள், யார் வெங்காயத்துக்கு அழுகிறாள், யார் தன் வீட்டுக் கவலைக்கு அழுகிறாள் என்று ஒருத்திக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கையில் காரம் இருப்பதால் கண்ணைத் துடைக்கவும் கூடாது. அது பாட்டுக்கு வழியட்டும் என்று விட்டுவிடுவோம். பூண்டு நகக்கண்ணைத்தான் எரிக்கும். கண்ணை ஒன்றும் செய்யாது. பூண்டு உரிக்கும்போது அழுதால் அது அழுகைதான். மறைக்க முடியாது.

பூண்டு வந்த நாள்

ஒரு பெண் சின்ன வயதில் நூல் மில் ஹாஸ்டலில் இருந்து வேலை பார்த்ததைச் சொல்லும் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டது. எழுதியவளே படித்தாள். குழாயடியில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுகிற மாதிரி இருந்தது குரல். ஜலதோஷம் எல்லாம் இல்லை.

பாதிப் புத்தகம் ஓடியிருந்தபோது, மழை காரணமாக ஒட்டன்சத்திரத்து வெங்காய லோடு வரவில்லை. பாய் பூண்டு மூட்டையை இறக்கினார்.

"பெரியம்மா, இன்னிக்குச் சிரிப்புக் கதையா மாத்திரவா?" என்று ஆயிஷா கேட்டாள்.

"மில்லுக்காரி என்னானான்னு தெரியாம எனக்குக் கை ஓடாது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் அதையே சொன்னார்கள். சட்டம் போட்ட நானும் சரி என்றேன்.

அன்றைக்கு வந்த பாகம் ஞாயிற்றுக்கிழமை போன் பற்றியது. ஹாஸ்டல் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும்போது வார்டன் பக்கத்திலேயே நிற்பாளாம். எப்படி இருக்கிறாய் என்று அம்மா கேட்டால் நல்லா இருக்கேன், சாப்ட்டேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு சொன்னால் அடுத்த வாரம் போன் கிடையாது. அம்மாவிடம் பொய் சொன்னதாக எழுதியவள் சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லைத்தான் தன்னிடம் விட்டு வைத்திருந்தார்கள் என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். பாண்டியம்மாளின் கை பூண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்து மடியில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. வெங்காய நாள் மாதிரியே விட்டுவிட்டாள். மடியில் கிடப்பது பூண்டு என்பதை மறந்துவிட்டாள்.

வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். ஆயிஷா போனை நிறுத்தினாள். சத்தம் நின்றதும்தான் பாண்டியம்மாள் எங்களைப் பார்த்தாள், பிறகு தன் மடியைப் பார்த்தாள்.

"எம்புள்ளயும் இதத்தான் அத்தே சொல்லுது" என்றாள். "வாரா வாரம். ஒரு எழுத்து மாறாம."

அவள் மகள் முத்துச்செல்வி பிளஸ் டூ முடித்தவள். நர்சுக்குப் படிக்க வேண்டும், அதற்கு முன்னால் கொஞ்ச நாள் சம்பாதிக்கிறேன் என்று வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்திருந்தாள். அங்கேயே ஹாஸ்டல். தகப்பன் இல்லாத பிள்ளை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். புத்தகத்தில் உள்ளதெல்லாம் நம் வீட்டிலும் நடக்குமா என்றாள் ஒருத்தி. பாய் யோசித்துப் பேசுகிறவர். "அவசரப்பட்டுப் போயி நின்னு, புள்ள வேலைக்கு எடஞ்சல் ஆயிறக் கூடாதும்மா" என்றார்.

பாண்டியம்மாளுக்கு இரண்டு பக்கமும் பயம். "அவ நெசமாவே நல்லா இருந்தான்னா? நான் போயிக் கெடுத்துட்டேன்னா? இல்ல, போகாம இருந்து ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

புத்தகத்தில் இருக்கிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல முடியாது. இந்தப் பிள்ளை இப்போது அங்கேதான் இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாம். எப்படிக் கேட்பது என்பதுதான் சிக்கல்.

"ஒம் புள்ளைக்கு ஆகவே ஆகாதது என்னாடி?" என்று கேட்டேன்.

"கத்திரிக்கா. சின்னதுலருந்தே. வாயில வெச்சா ஒதடு வீங்கிரும். சட்டி பக்கத்துலயே ஒக்கார மாட்டா."

"அப்ப ஞாயித்துக்கெழம அதையே கொண்டாரட்டுமான்னு கேளு. வேணாம்னா இருந்துக்கிருவா. ஆகாததப் போயி வேணும்னு சொன்னா ஒடனே போறோம்."

மில் வாசலில்

ஞாயிறு பிரியாணி நாள், ஷெட்டுக்கு லீவு கிடையாது. காலையில் போன் வந்தது. பாண்டியம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள். ஷெட்டில் ஒரு கத்தியும் அசையவில்லை.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்மா."

"சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"கத்திரிக்கா வெஞ்சனம் வெக்கப் போறேன் தாயி. உனக்குக் கொண்டாரட்டுமா?"

அந்தப் பக்கம் பின்னால் ஒரு பெண் குரல், "சீக்கிரம் பேசு, அடுத்த ஆளு நிக்குது" என்றது.

"கொண்டாம்மா" என்றாள் முத்துச்செல்வி. "நெறையக் கொண்டா. இன்னிக்கே கொண்டா."

பாண்டியம்மாள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். பாய் தானும் வருவதாகச் சொன்னார். "வேணாம் பாய். ஆம்பள வந்தா ஆபீசுல உக்கார வெச்சு டீயக் குடுத்தே அனுப்பிருவாங்க" என்றேன். ஆயிஷா புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மூன்று பேரும் வேடசந்தூர் பஸ் ஏறினோம்.

கேட்டில் செக்யூரிட்டி மறித்தான். "இன்னிக்கு விசிட்டிங் கெடையாதும்மா."

"செத்த நேரம் அப்பு. மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றோம்."

வார்டன் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "பொண்ணு டூட்டில இருக்கு. நல்லாத்தான் இருக்கு. காலைலதான பேசுனீங்க?"

முத்துச்செல்வி மேஜர், அவள் இஷ்டப்பட்டால் வெளியே வரலாம் என்று ஆயிஷா சட்டமாகப் பேசினாள். வார்டன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நீங்க யாரு இவங்களுக்கு?" என்று கேட்டாள். பிறகு செக்யூரிட்டி பக்கம் திரும்பிக்கொண்டாள். பாண்டியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுத்த ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மில் பஸ் வந்தது. எல்லாம் சுற்றுப்பட்டிப் பெண்கள். நான் கேட்டுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்தேன். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் என்னைத்தான் முதலில் தேடுவார்கள். அன்றைக்குக் குரல் நன்றாகவே ஏறியது.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். பெண்கள் இறங்கி வந்து நின்றார்கள். செக்யூரிட்டி பதறிப்போனான். "ஏம்மா, யாரு செத்தது?"

"இன்னும் யாரும் சாகல அப்பு. செத்தப்பெறகு அழுதா செத்தவளுக்குக் கேக்குமா? அதான் இப்பவே அழுகுறேன்."

பஸ்ஸில் வந்தவர்களில் ஒருத்தி, என்ன ஏது என்று கேட்காமலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். ஷிப்டுக்கு யாரும் உள்ளே போகவில்லை. அப்போதுதான் ஆபீசிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். "அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க" என்று வார்டனிடம் சொன்னார்.

முத்துச்செல்வி வந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். வலது கையில் இரண்டு விரலுக்குச் சேர்த்துக் கட்டு. துணி கறுத்திருந்தது. மெஷினில் மாட்டிக்கொண்டதாம். அங்கேயே தையல் போட்டு, வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லி, கூட்டுகிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அவள் அழவில்லை. "அம்மா, பெட்டிய எடுத்துட்டு வந்துரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நேராகத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு விரல் தப்பித்தது. இன்னொன்றின் நுனியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

மிச்சப் புத்தகத்தைப் பிறகு ஒரு வெங்காய நாளில் கேட்டோம். அந்த மில்லுக்காரியைத் தேடிக் கடைசி வரைக்கும் யாரும் வரவில்லை. அவளேதான் ஒருநாள் நடந்து வெளியே வந்தாள். நான் கேட்டதிலேயே நல்ல புத்தகம் எது என்று ஆயிஷா கேட்கிறாள். இதுதான். நன்றாக எழுதியிருக்கிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் பட்டதை வெட்கப்படாமல் சொன்னாள். அதனால்தான் நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வதும் அதுதான். உங்களுக்கு நடந்ததை வாயைத் திறந்து சொல்லுங்கள். எவளுக்கு உதவும் என்று முன்கூட்டித் தெரியாது.

முத்துச்செல்வியை மில்லிலிருந்து கூட்டிவந்த மறுநாள் எங்கள் ஊர்க் குழாயடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "பாண்டியம்மா மக பாதியில வந்துருச்சாமே. காதல் கீதல்னு எதும் வம்பா மதினி?" என்று ஒருத்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கேட்டவளின் மகளும் அப்போது அதே மில்லில்தான் இருந்தாள். பக்கத்தில் நின்றவளின் பேத்தியும் அங்கேதான்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மிசின்ல வெரலு போச்சு. மறைச்சு வெச்சிருந்தாங்க. அம்புட்டுத்தான். அவளுக்கு என்னாச்சுன்னு இனிமே எங்கிட்டக் கேக்காதீங்க. உங்க புள்ளைகளுக்கு என்னாச்சுன்னு போயிக் கேளுங்க. நாளைக்குக் காலைல வேடசந்தூர் பஸ்சுல முன்சீட்டுல உக்காந்திருப்பேன். அழத் தெரியாதவங்களும் வாங்க, போற வழியில சொல்லித் தாரேன்."