குமோக் எழுதிய பதினான்கு பக்கம்

பியோ குமோக் பத்தொன்பது வருடமாக அந்தக் கடலோர வட்ட அலுவலகத்தில் சுருக்கெழுத்தர். கூட்டங்களில் யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் தட்டி ஏற்றுவதுதான் வேலை. மனிதர்கள் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, யாரையும் சட்டென்று நம்பாத சுபாவம் அவளுக்கு வந்துவிட்டது. காய்கறிக்காரி "இன்னைக்குப் பறிச்சதும்மா" என்றாலும் முள்ளங்கியைத் திருப்பித்தான் பார்ப்பாள்.

ஏப்ரலில் ஒருநாள், சிப்பி உடைக்கும் யாங் சுன்ரே ரப்பர் செருப்போடு அலுவலக நடைபாதையில் அவளை வழிமறித்தாள்.

"தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்கான்? கண்ணாடி கொண்டு வரல."

தகவல் கேட்டுப் போட்ட மனுவுக்கு வந்த பதில் அது. சிப்பிக்கரை ஓரம் குப்பை எரிக்கும் ஆலை வருகிறதே, அதை முடிவு செய்த கூட்டத்தின் பதிவைக் கேட்டிருந்தாள். 'அப்படி ஓர் ஆவணம் இல்லை' என்று ஒரே வரி.

குமோக் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். அந்தக் கூட்டத்தை எழுதியவளே அவள்தான். பதினான்கு பக்கம். "அந்தக் கரைல கிழவிங்கதான் இருக்காங்க, ரெண்டு நாள் கத்திட்டு அடங்கிடுவாங்க" என்று ஒருவர் சொன்னதையும், மற்றவர்கள் சிரித்ததையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தாள்.

"இல்லைன்னு எழுதியிருக்காங்க, அக்கா."

"இல்லியாம்! அப்ப கூடிப் பேசாமலே ஆலை வருதாக்கும்?"

குமோக் பிரிவுத் தலைவர் நாம்குங்கிடம் போனாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் கூட்டம்? சும்மா டீ குடிச்சுக்கிட்டுப் பேசினோம். நீங்க வேற எதையோ நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, மேடம்."

ஊழியராகக் கேட்டால் வாய்வார்த்தையோடு போய்விடும். மனு என்றால் எண் விழும், பத்து நாளில் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். மதிய இடைவேளையில் கீழ்த்தளத்து ஜன்னலில் வரிசையில் நின்று, வீட்டு முகவரி எழுதி, சாதாரணக் குடிமகளாக மனுப் போட்டாள். பதிவைக் கேட்டால் மறுபடி 'இல்லை' என்பார்கள் என்று, அந்த மாதத்து ஆவணப் பட்டியலைக் கேட்டாள்.

மாலைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து மேஜை மா தெக்சூ காபி நீட்டினான்.

"என்ன மேடம், நம்ம வீட்டுக்குள்ளயே துப்பறியறீங்களாமே?"

காபி ஆறும்வரை அவள் தொடவில்லை.

பட்டியல் வந்தது. அந்தக் கூட்டத்தின் வரியில் பதினான்கு பக்கம், பதிவான நேரம், எல்லாம் இருந்தன. அதற்கு நேரே 'நீக்கப்பட்டது' என்றும், நீக்கிய தேதியும், நீக்கியவரின் ஊழியர் எண்ணும். அவளுடைய எண்.

நாம்குங் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். "பாத்தீங்கல்ல? இதை வெளிய காட்டினா யாரு மாட்டுவா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கடவுச்சொல்லைக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தாள். அதை அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார், இன்னொருவன் பக்கத்து மேஜையில். அன்றிலிருந்து இருவரின் விரல்களையும் கவனித்தாள். தெக்சூ அவளைக் கண்டதும் போனை வைத்தான். நாம்குங் அளவுக்கு மீறி நலம் விசாரித்தார். எதுவும் சாட்சி ஆகாது.

பிறகுதான் நீக்கிய தேதி உறைத்தது. அப்பாவின் நினைவுநாள் படையலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த நாள். மறுபடி கீழே இறங்கித் தன் விடுப்புச் சீட்டுக்கே மனுப் போட்டாள்.

"உங்க லீவை நீங்களே கேக்குறீங்களா?" ஜன்னல்காரப் பெண் சிரித்தாள்.

"முத்திரையோட வேணும்மா."

இரண்டு காகிதங்களையும் சேர்த்து மேல்முறையீட்டுக் குழுவின் முன் வைத்தாள். மூன்று வாரம் கழித்து, பழைய சர்வரில் ஒரு நகல் 'கிடைத்துவிட்டதாக' அலுவலகம் அறிவித்தது. பெயர்கள் மட்டும் கறுப்படித்து, பதினான்கு பக்கமும் சுன்ரேயின் கைக்கு வந்தன.

சிப்பிக் கொட்டகையில் ஒருத்தி உரக்கப் படித்தாள். 'கிழவிங்க' என்ற இடத்தில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த கத்திகள் நின்றன.

"இதைச் சொன்னவன் யாரு? உனக்குத் தெரியும்ல?" சுன்ரே கேட்டாள்.

"தெரியும். நான் சொன்னா வம்புப் பேச்சுன்னு தள்ளிருவாங்க அக்கா. பேரைத் திறக்கச் சொல்லி எழுதிப் போடுங்க. காகிதத்துல வரட்டும்."

சுன்ரே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் அந்த ஆபீஸ்காரிதானே."

அந்தச் சொல் குமோக்கைக் குத்தியது. ஆனால் தப்பென்று சொல்ல முடியவில்லை. சுன்ரேயின் இடத்தில் தான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

ஆலை முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் கதவைத் திறந்து வைத்தே நடந்தது, முன்வரிசை முழுக்க சிப்பிக்காரிகள். எழுத வந்தவள் புதிதாக ஒருத்தி. குமோக்கை நூலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். நீக்கிய கை யாருடையது என்று விசாரணையில் தெளிவாகவில்லை. தெக்சூ அவ்வப்போது நூலகத்துக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எதையோ சொல்ல வாயெடுத்து, நாளிதழை மடித்து வைத்துவிட்டுப் போகிறான். அவள் கேட்பதில்லை. அவன் வந்து போன நேரத்தை மட்டும் குறித்து வைக்கிறாள்.