நூற்று இருபத்தைந்து டிகிரி ஸ்டிக்கர்

வேலை பார்க்கும் இடங்களில் அவளுக்குச் ‘சந்தேகக்காரி’ என்றே பெயர். இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரீஷியன். மெயினை அணைத்துவிட்டேன் என்று யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் வயரைத் தொடமாட்டாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மேஸ்திரி, “கரண்டு இல்லம்மா, தைரியமா தொடு” என்றார். ஈரத் தரையில் நின்றபடி தொட்டாள். அன்று தூக்கி எறியப்பட்டவளுக்கு இடது கைச் சுண்டுவிரல் இன்றுவரை மரத்தே கிடக்கிறது.

ஓர் உடற்பயிற்சிக் கிளப்பில் நீராவி அறைக்கும் சவ்னாவுக்கும் புது விளக்குப் போட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டும் அடுத்தடுத்த அறைகள்; குணம்தான் வேறு. நீராவி அறையில் சூடு குறைவு, ஈரம் அதிகம். சுவரும் கூரையும் சொட்டிக்கொண்டே இருக்கும். சவ்னா, சூட்டில் உட்கார்ந்து வேர்வை சிந்துவதற்கான, மரப்பலகை அடித்த அறை. அங்கே ஈரம் கொஞ்சம்தான், ஆனால் கூரையை ஒட்டிச் சூடு நூறு டிகிரியைத் தொடும். ஒன்றுக்குத் தண்ணீர் புகாத விளக்கு வேண்டும், மற்றதற்கு வெந்துபோகாத விளக்கு.

மேனேஜர் ஏற்கெனவே எட்டு விளக்குகள் வாங்கி வைத்திருந்தார். எட்டும் ஒரே ரகம்.

“ரெண்டு ரூமுக்கும் இதான். மாட்டிட்டீங்கன்னா முடிஞ்சுது. வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன்” என்றார்.

அவள் ஒரு விளக்கை எடுத்து மூடியை நகத்தால் சுண்டினாள். மந்தமாக ‘டக்’ என்றது.

“பிளாஸ்டிக் மாதிரி இருக்கே சார்?”

“ஸ்டிக்கரப் படிங்க. நூத்தி இருபத்தஞ்சு டிகிரி தாங்கும்னு போட்டிருக்கு. அதுவும் உங்க தம்பி கடையில வாங்கினது. அவரையே நம்பலன்னா அப்புறம் யாரத்தான் நம்புவீங்க?”

மேனேஜர் போன் வந்ததென்று வெளியே போனதும் விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். புது விளக்கில் ஸ்டிக்கர் மட்டும் மஞ்சளித்திருந்தது. ஓரத்தில் நகத்தை விட்டு உரித்தாள். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் அறுபது டிகிரி.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விளக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு தம்பியின் கடைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்து பழையதையெல்லாம் கிளறினாள். போன மாதம் இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் ஏன் எடுக்கவில்லை? கடைக்குப் பின்னால் இருக்கும் அறையைக் காட்டு என்றபோது, சாவி இல்லை என்றானே, நிஜமாகவே இல்லையா? சின்ன வயதில் மதிப்பெண் அட்டையில் மூன்றை எட்டாக்கிய கைதானே அது!

“இது உன் கடைச் சரக்கா?” என்று விளக்கை மேசையில் வைத்தாள்.

“ஆமாக்கா.”

“இந்த ஸ்டிக்கர ஒட்டினது யாரு?”

தம்பி அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். “அக்கா, நீ என்னயா கேக்குற?”

“உன்னத்தான் கேக்குறேன்.”

அவன் உள்ளே போய், பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவள் கண்ணெதிரே கிழித்தான். அதே விளக்கு. ஒரே ஸ்டிக்கர். அறுபது டிகிரி. டெலிவரி சீட்டின் நகலையும் எடுத்துப் போட்டான். ‘நீராவி அறைக்கு மட்டும். சவ்னாவுக்குக் கூடாது’ என்று அவன் கையெழுத்து, கீழே மேனேஜரின் ஒப்பம்.

அதற்குப் பிறகும் அவள் விரல் அவன் பிரித்துக் காட்டிய விளக்கின் ஸ்டிக்கர் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தம்பி அதைக் கவனித்துவிட்டான்.

“உரிச்சுப் பாரு. கடையில இருக்கிற எல்லாத்தையும் உரிச்சுப் பாத்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை சவ்னாவின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தாள். வயர் எதுவும் இணைக்காமல் ஒரு விளக்கை மேல் பலகையில் வைத்து, கதவைச் சாத்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேனேஜரைத் தன்னோடு உட்காரவைத்தாள். முக்கால் மணி நேரத்தில் மூடி ஒரு பக்கமாகச் சரிந்து, கூழாக இறங்கியது. உள்ளிருந்த ரப்பர் வளையம் பிதுங்கி வெளியே வந்தது.

“இதுல கரண்டும் ஓடினா, கீழ துண்டு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க கதி என்ன சார்?”

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. “சவ்னா விளக்கு வர நாளாகும்னாங்க. அதான் பழைய விளக்குலேருந்து ஸ்டிக்கர உரிச்சு இதுல ஒட்டினேன். தேதி தள்ளிப்போனா ஓனர் என்னய வீட்டுக்கு அனுப்பிடுவாரும்மா.”

“ஓனருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல.”

அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஓனர் கத்தினார்தான். ஆனாலும் தேதி பத்து நாள் தள்ளிப்போனது, மேனேஜரின் வேலையும் தப்பியது.

சரியான விளக்குகளைத் தம்பியே கடை ஆள் மூலம் அனுப்பினான், தான் வரவில்லை. சவ்னாவுக்குக் கண்ணாடி மூடியும் பீங்கான் ஹோல்டரும் வைத்தவை. அவற்றைக் கூரையில் மாட்டாமல், சூடு குறைந்த கீழ்ப்பலகையின் அடியில் பொருத்தினாள். சூட்டில் இளகாத சிலிக்கோன் வயர் இழுத்தாள். வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு அறைக்கும் வெளியே, உலர்ந்த அலமாரிக்குள் வைத்தாள். மேனேஜர் வாங்கிய எட்டில் மிஞ்சிய ஏழும் நீராவி அறைக்குப் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் தண்ணீர் வாளிக்குள் ஒரு மணி நேரம் அமுக்கிவைத்து, உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே மாட்டினாள். இன்ஸ்பெக்டர் வந்து எதையும் தொடாமல் கையெழுத்துப் போட்டார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தம்பி இரண்டு மாதம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்து இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி கூப்பிட்டாள். “அண்ணி, பாத்ரூம் குழாயத் தொட்டா கரண்டு சுருக்குங்குது. நாலு நாளா யாரும் குளிக்கல. பக்கத்துலயே எலக்ட்ரீஷியன் இருக்காரு, கூப்பிடலாம்னா உங்க தம்பி விடமாட்டேங்கிறாரு. அக்கா வந்து பாக்கட்டும்னு உக்காந்திருக்காரு.”

“அத அவன் வாயால சொல்ல மாட்டானாமா?”

“இங்கதான் நிக்குறாரு. போன வாங்க மாட்டேங்கிறாரு.”

“சரி, யாரும் குழாயத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.