‘போன்ற’ மேடம்

அன்று காலை என் மகள் இட்லியைத் தின்னாமல் கையால் பிசைந்துகொண்டிருந்தபோது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. “எஸ்தர் மேடம் தவறிட்டாங்க. அனகாபுத்தூர் வீட்லதான் வெச்சிருக்காங்க. நாலு மணிக்கு எடுக்கறாங்க.” எழுதியிருந்தவர் எங்கள் பிரிவின் உதவியாளர் மாரி அண்ணன். காய்ச்சல் என்று எஸ்தர் அக்கா விடுப்பு எடுத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. டெங்கு என்று இரண்டு நாள் முன்பு சொன்னார்கள். செய்திக்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வரத் தொடங்கின. நான் போடவில்லை. முதலில் உறுதியாகத் தெரியட்டும் என்று மாரி அண்ணனைக் கூப்பிட்டேன்.

“நெசமாண்ணே?”

“நெசம்தாம்மா. நான் இங்கதான் கீறேன். கண்ணால பாத்துகினுதான் போட்டேன்.”

கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் எஸ்தர் அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஊழியர் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி என்னிடம் கேட்டார்கள். “நீங்கதானே அவங்களோட ரொம்ப நெருக்கம்” என்றார்கள். நெருக்கம்தான். அவர்மேல் எனக்கு இருந்த பொறாமையும் அந்த நெருக்கத்தில் வளர்ந்ததுதான். அதை மறைத்துவிட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒரு வாரத்தில் கேட்டதை மூன்றாவது வாரம் தருகிறேன். குழந்தைக்குச் சளி என்று காரணம் சொல்லியிருந்தேன். சளி இரண்டு நாள்தான் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொலை வழக்குகளில் போலீஸார் அனுப்பும் துணி, கத்தி, மண் ஆகியவற்றில் இருப்பது இரத்தமா, மனித இரத்தமா, எந்த வகை என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. எஸ்தர் அவர்களும் நானும் ஒரே நாளில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டது மரியாதைக்காக மட்டுமல்ல. வயதிலாவது நான் இளையவள் என்று அவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பதற்காகவும்தான். மற்ற எல்லாவற்றிலும் அவர் முந்திக்கொண்டிருந்தார். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். ஆனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் போய் நின்றது அவருடைய மேசை முன்னால். நான் வீட்டைப் பூட்டினேனா, கேஸை மூடினேனா என்று வேளச்சேரி சாலை முழுக்கப் புலம்பிக்கொண்டே தாம்பரம் ஸ்டேஷனுக்கு வருகிறவள். அவரோ மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்த மறுநாளும் இஸ்திரி போட்ட புடவையில் வந்து நிற்பார். “எப்படிக்கா?” என்றால், “புடவைய மேல் அலமாரில வெச்சிருக்கேன்” என்பார். அவ்வளவுதான் பதில்.

தினமும் நான் தாம்பரத்தில் ரயில் ஏறிப் பக்கத்து இருக்கையில் பையை வைப்பேன். அவர் பல்லாவரத்தில் ஏறி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

அவருக்குப் ‘போன்ற’ மேடம் என்ற பெயர் வந்த கதை பலருக்கும் தெரியும். பொட்டலங்களோடு வரும் கடிதத்தில் ‘இரத்தக்கறை படிந்த சட்டை’ என்று எழுதியிருப்பார்கள். எஸ்தர் அக்கா தம்முடைய பணித்தாளில் அதை அப்படியே எழுதமாட்டார். ‘இரத்தம் போன்ற கறை’ என்றுதான் எழுதுவார். சோதனை முடிந்த பிறகுதான் ‘போன்ற’ போகும். ஒருமுறை பொட்டலம் கொண்டுவந்த ஏட்டு ஒருவர் மேசையருகே நின்று அதைப் படித்துவிட்டார்.

“இன்னா மேடம், ஆள் வெட்டுப்பட்டு செத்துகீறான். அவன் சட்டைல இருக்கறது ரத்தமில்லாம ரோஸ்மில்க்கா?”

“இருக்கலாம் சார். செத்தவர் கடைசியா இன்னா குடிச்சாருன்னு நான் பாக்கலையே.”

“போன்ற, போன்றன்னு எழுதிகினே இருந்தா கேசு எப்ப முடியும்?”

“நீங்க போலீஸ் போன்ற ஆளுன்னு நெனச்சி உள்ள விட்டிருக்கோம். ஐடி கார்டு காட்டுங்க, ‘போன்ற’வ எடுத்துடறேன்.”

ஏட்டே சிரித்துவிட்டார். அந்தப் பெயர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பரவியது. எனக்கு இதுவரை எந்த ஸ்டேஷனிலும் ஒரு பெயர் கிடையாது.

இனி அந்த வழக்கு. அனகாபுத்தூர் ஆற்றோரம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முன்பகை என்று பம்மலில் பட்டறை ஒன்றில் வேலை செய்த வெல்டர் ஒருவரைப் பிடித்தார்கள். கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. வெல்டரின் சட்டையில் இருந்த கறைதான் வழக்கு. அந்தப் பொட்டலம் என் மேசைக்கு வந்தது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

இரத்தம் பட்ட துணிகளைத் தனித்தனியாக உலர்த்தி, தனித்தனிக் காகித உறையில் அனுப்ப வேண்டும். வந்ததோ ஒரே பாலிதீன் பை. இறந்தவரின் வேட்டியும் வெல்டரின் சட்டையும் ஈரம் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அப்படி ஒட்டினால் ஒன்றின் இரத்தம் மற்றொன்றில் இறங்கிவிடும். பிரித்தெடுப்பதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். எங்கள் பணித்தாளில் ‘திறந்தபோது கண்ட நிலை’ என்று சிறிய கட்டம் ஒன்று உண்டு. முத்திரை உடையாமல் இருந்தால் அதில் ‘சரி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவது எல்லோருக்கும் வழக்கம். கை தானாக எழுதிவிடும். நானும் ‘சரி’ என்று எழுதினேன்.

அன்று மாலை ரயிலில் அக்காவிடம் சொன்னேன். “ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுக்கா. பிரிக்கறதுக்குள்ள குடலே வெளிய வந்துடுச்சு.”

“எழுதினியா?”

“நாளைக்கு எழுதிடறேன்க்கா.”

மறுநாள் மறந்தேன். சோதனைகள் முடிய ஒரு வாரம் ஆயிற்று. சட்டையில் இருப்பது மனித இரத்தம், இறந்தவரின் வகை என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அந்த முதல் கட்டத்தை நான் திரும்பப் பார்க்கவில்லை. பிள்ளை அசைகிறதா, அசைகிறதா என்று வயிற்றையே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஒரு வருடம் கழித்து வழக்கு செங்கல்பட்டில் விசாரணைக்கு வந்தது. நான் மகப்பேறு விடுப்பில் இருந்ததால் எனக்குப் பதிலாக எஸ்தர் அக்காவை அனுப்பினார்கள். சாயங்காலம் போன் செய்தார்.

“வித்யா, பாப்பா தூங்குதா?”

“இப்பதான்க்கா தூங்கினா. சொல்லுங்க.”

“பை எப்படி வந்துச்சின்னு வெல்டரோட வக்கீல் கேட்டாரு. ஷீட்ல சரின்னு இருக்குது.”

“சரின்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே?”

“திறந்தவங்க உங்ககிட்ட வேற ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டாரு. ஒட்டிகினு இருந்துச்சின்னு அன்னிக்கே சொன்னாங்கன்னு சொன்னேன்.”

“ட்ரெயின்ல சொன்னதையா கோர்ட்ல போய் சொன்னீங்க?”

“கேட்டாங்களே” என்றார்.

இனி என்னையே கூப்பிட்டுக் கேட்பார்கள். என் கையெழுத்து, என் ‘சரி’. வேலை போய்விடும் என்றே நம்பினேன். அன்று நான் பேசியதில் ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன், மற்றவை எழுதும்படியாக இல்லை. “உங்களுக்குப் புள்ள குட்டி இல்லக்கா, வேலை போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது” என்றேன். அவர் திருமணம் செய்துகொள்ளாதவர்.

“ஆமா, தெரியாது” என்றார். “நீ கோர்ட்டுக்கு வர்ற அன்னிக்கு பாப்பாவ யாரு வெச்சிக்குவாங்க? நான் லீவு போட்டு வரேன்.”

வந்தார். எட்டு மாதக் குழந்தையை வராந்தாவில் அவரிடம் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறினேன். துணிகள் ஒட்டியிருந்தனவா என்று கேட்டார்கள். ஒட்டியிருந்தன என்றேன். வேட்டியிலிருந்து சட்டைக்கு இரத்தம் இறங்கியிருக்கலாமா என்றார்கள். இறங்கியிருக்கலாம் என்றேன். அரசு வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “எழுதும்போது மறந்தது, வக்கீல் கேட்டதும் ஞாபகம் வந்துடுச்சாம்மா?”

“ஞாபகம் எப்பவும் இருந்தது சார். எழுதலை. அது என் தப்பு” என்றேன். அந்த வார்த்தைகளைச் சொல்லும்வரை அவற்றைச் சொல்வேன் என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தால், என்னிடம் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காத என் மகள் அவருடைய தோளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்குவதுபோல வாங்கினேன். உடனே விழித்து அழுதாள். அதற்கும் எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம்.

திரும்பும் வழியில் கேட்டேன். “இப்ப அவன விட்டுட்டா? அவன்தான் செஞ்சிருந்தான்னா?”

“செஞ்சானா இல்லையான்னு நமக்குத் தெரியாது வித்யா. நாம அந்தச் சட்டைக்கு மட்டும்தான் சாட்சி” என்றார்.

சட்டைக் கறையை நம்ப முடியாது என்று தீர்ப்பாயிற்று. வெல்டர் விடுதலையானார். எனக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எஸ்தர் அக்காவைப் புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சி வகுப்பில் பேச அழைத்தார்கள். என் பெயரைச் சொல்லாமல், ‘சரி’ என்ற சொல்லைப் பற்றி அரை மணி நேரம் பேசினாராம். என் தப்புக்கு அவருக்குக் கைதட்டல். கூண்டில் நின்று ஒப்புக்கொண்டவளை யாரும் எதற்கும் அழைக்கவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து ரயிலில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். பல்லாவரத்தில் ஏறும் எஸ்தர் அக்கா மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. “பாப்பா இன்னா பேசுது?” என்று மட்டும் கேட்பார். பிள்ளையைப் பார்க்க எப்போதாவது வீட்டுக்கு வரும் அவரை என் மகள் ‘எத்தம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதையும் நான் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் அந்த முதல் கட்டத்தை நான் இப்போது நிரப்புகிற விதம் வேறு. பையின் நிறம், முடிச்சு, ஈரம், நாற்றம் எல்லாம் எழுதுவேன். ஒருநாள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்போது அவர் சொன்னார்: “இன்னா வித்யா, கட்டம் பத்தலையே உனக்கு. அடுத்த தெரு வரைக்கும் எழுதுற.” மாரி அண்ணன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் தாளை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பை மறைத்ததைத்தான் இந்த மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இறுதி மரியாதைக்கு மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டில் விட ஆளில்லை. சந்துக்குள் நுழையும் இடத்தில் மாலையோடு நின்றிருந்த ஒருவர் வழிகேட்டார். கோர்ட்டில் பார்த்த முகம், அந்த வெல்டர்.

“மேடத்துக்கு நீங்க சொந்தமாக்கா?”

“கூட வேலை செய்யறவ.”

“அந்தம்மா இல்லன்னா நான் இன்னும் உள்ளதான் இருந்திருப்பேன்.”

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சாவு வீட்டு வாசலிலும் எனக்கு அந்தப் பழைய எரிச்சல் வந்தது. இவரை உள்ளே வைக்கப் பார்த்தது என் ‘சரி’ என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன். “அந்தச் சட்டைக்குத் தப்பா எழுதினவ நான்தான் தம்பி.”

என்னையும் குழந்தையையும் பார்த்தார். திட்டவில்லை. “நீங்க மொதல்ல போங்கக்கா, கொழந்தைய வெச்சிகினு நிக்கறீங்க” என்று சுவரோரம் ஒதுங்கினார்.

உள்ளே இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையில் எஸ்தர் அக்கா படுத்திருந்தார். மேல் அலமாரியிலிருந்து யாரோ எடுத்திருக்க வேண்டும். என் மகள் தோளிலிருந்து குனிந்து பார்த்தாள்.

“அம்மா, எத்தம்மா தூங்கறாங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். சுற்றி இருந்தவர்களும் நான் அப்படித்தான் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். வாய்வரை வந்துவிட்டது.

“தூங்கற மாதிரி இருக்காங்க பாப்பா” என்றேன். “தூங்கல.”

இப்போது தாம்பரத்தில் ஏறியதும் பக்கத்து இருக்கையில் பையை வைக்கிறேன். யாராவது வந்து கேட்டால், ஆள் வருகிறார்கள் என்று சொல்வதில்லை. பல்லாவரம் வரைக்கும் பை இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பல்லாவரம் தாண்டியதும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

போய் வாருங்கள், அக்கா.