டிரம்மில் இருந்த தண்ணீர்

அன்று கேன்டீன் ஷெட்டில் இருந்தவர்கள்: பர்சனல் ஆபீசர். கேன்டீன் சூப்பர்வைசர் கோவிந்தசாமி. ஃபிட்டர் சின்னதுரை. லாரி டிரைவர் ஆரோக்கியம். டீ மாஸ்டர் காதர் பாய். இன்னொரு டீ மாஸ்டர் நான்.

எழுபத்தெட்டு, ஆவணி மாதம். ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை. காலை ஷிப்டுக்குப் பாய், மாலை ஷிப்டுக்கு நான். இரண்டு பேரும் டெம்பரவரி.

பாய் பையில் தூளைப் போட்டு டிகாஷன் இறக்குவார். பாலைத் தனியாகக் காய்ச்சுவார். கிளாஸ் கிளாஸாகச் சேர்த்து ஆற்றுவார். நான் தண்ணீர், பால், தூள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே டேக்சாவில் போட்டு, இரண்டு பொங்கு விட்டு இறக்குவேன். இதில் ஆலையே இரண்டு கட்சி.

"பாய் டீ கஷாயம்ண்ணே. உங்க டீதான் வவுத்துல நிக்குது" என்பான் சின்னதுரை.

"நிக்கும் நிக்கும். அது பாயசம்டா. அத குடிச்சிட்டு லாரிய எடுத்தா ஸ்டியரிங்குலயே தூங்கிருவேன்" என்பார் ஆரோக்கியம்.

பாய் என்னிடம் சொல்வார்: "எல்லாத்தயும் ஒண்ணா போட்டு வேக வைக்க இது என்ன நோன்புக் கஞ்சியா தம்பி? பாலும் தூளும் அப்புறம். மொதல்ல தண்ணி. தண்ணி சரியில்லன்னா நீ என்னா பண்ணாலும் டீ வராது."

தினமும் டிரம்மிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுப்புப் பற்ற வைப்பார். நான் சிரிப்பேன்.

எங்கள் பக்கம் சுண்ணாம்புப் பூமி. போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் சாம்பல் நிறமாக இருக்கும். மேலே படலம் மிதக்கும். பார்வைக்கு மட்டும் தெளிவாக இருக்கும். அதனால் டீக்கு என்று திருமழபாடிப் பக்கமிருந்து கொள்ளிடத்துத் தண்ணீர் லாரியில் வரும். அதைத்தான் டிரம்மில் பிடித்து வைப்போம்.

ஒரே ஒரு பர்மனென்ட் வேலை வந்தது. ஆபீசர் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுங்க. நாங்க நாலு பேரு குடிச்சிப் பாக்குறோம். யாரு டீ நல்லாருக்கோ அவருக்கு ஆர்டரு. இன்னொருத்தரு வேற எடம் பாத்துக்கணும்."

எனக்குக் கிடைக்காவிட்டால் மறுபடி சுரங்கத்தில் கல் உடைக்கப் போக வேண்டும். மனைவி ஏழு மாதம். பாய்க்கு ஊர் லப்பைக்குடிக்காடு. அங்கே பாதி ஆண்கள் வெளிநாட்டில். அவர் மனைவிக்கு இளைப்பு நோய். "நா போயிட்டா அவள யாரு தம்பி பாப்பா? இந்த வேலை நெலைச்சா போதும்" என்று சொல்லியிருந்தார்.

போட்டி அன்று தண்ணீர் லாரி வரவில்லை. நான் சீக்கிரம் வந்திருந்தேன். டிரம்மின் அடியில் கிடந்த நல்ல தண்ணீரை என் டேக்சாவில் எடுத்து வைத்துக்கொண்டேன். பாத்திரம் கழுவ வேண்டுமே என்று டிரம்மில் போர்வெல் தண்ணீரைப் பிடித்தேன். அதுவரைக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

காலை ஷிப்டு நேரத்துக்குப் பாய் வந்தார். நோன்பு மாதம். தண்ணீரை நாக்கில் வைக்க மாட்டார். டிரம்மைத் திறந்து பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நல்ல தண்ணிதானே?"

"ஆமாம் பாய்" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. அந்தத் தண்ணீரை மொண்டு பாய்லரில் ஊற்றினார்.

நாலு பேரும் குடித்தார்கள். என் டீயைக் குடித்து முடித்தார்கள். பாய் டீயை ஆரோக்கியம் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைப் பார்த்தார். "என்னா பாய், நோன்புல கை மறந்துருச்சா?" என்றார். அவர் பாயின் கட்சி. ஆபீசர் கிளாஸைத் தள்ளி வைத்தார். பாய் நாலு கிளாஸையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆர்டர் எனக்கு என்று ஆபீசர் சொல்லிவிட்டார்.

ஷிப்டு முடிந்தும் பாய் அன்று கிளம்பவில்லை. சாயங்காலம் பாங்கு சொல்லும் நேரத்தில் வீட்டிலிருந்து கொண்டு வந்ததைச் சாப்பிட்டு நோன்பு திறந்தார். பிறகு எழுந்து போய் டிரம்மில் ஒரு கை அள்ளிக் குடித்தார். நான் டேக்சா தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டனே தம்பி" என்றார்.

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். கழுவிக் காயவைத்தார். பையைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போனார். ஆபீசரிடம் சொல்வார் என்று ஒரு வாரம் பயந்துகொண்டு கிடந்தேன். சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவர் குவைத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் அங்கே இருக்கும்போதே மனைவி இறந்துவிட்டதாகவும் சொன்னார்கள். எண்பத்தைந்தில் ஊர் திரும்பினார். பார்க்கலாம் என்று இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

பிற்பாடு நானும் டிகாஷனைத் தனியாக இறக்கப் பழகினேன். நன்றாக இருந்தது. தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்காமல் அடுப்புப் பற்ற வைத்ததில்லை. "யாருகிட்டண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று சின்னதுரை கேட்டான். நானாகத்தான் என்றேன். அதுவும் பொய்.

புதிதாகக் கேன்டீன் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டீயை எப்படி வேண்டுமானாலும் போடுங்கள். பக்கத்து அடுப்புக்காரர் தண்ணீர் எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். டிரம்மில் இருந்தது என்ன தண்ணீர் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்.